வார்த்தைக்கு வால் முளைத்தால்: ஆங்கிலத் தொடர்கள் மக்கர் பண்ணும்போது எங்கே கை வைப்பது

பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆபரேட்டராகச் சேர்ந்து, டெக்னீஷியனாகி, கடைசியில் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். இயந்திரம் நின்றால் முதலில் பிளக், பிறகு ஃபியூஸ், அதற்கும் மசியவில்லை என்றால்தான் போர்டு. இந்த வரிசை கையிலேயே ஊறிவிட்டது.

இப்போது யாரும் இயந்திரத்தைக் கொண்டுவருவதில்லை. அக்கா மகன், பக்கத்து வீட்டுப் பெண், பழைய லைன் பிள்ளைகள் எல்லாரும் வாட்சப்பில் ஆங்கில வாக்கியங்களை அனுப்புகிறார்கள். "மாமா, இதுல என்னதான் சொல்றாங்க?" பார்த்தால் பழுது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பெரிய வார்த்தைகளில் இல்லை. கால், புட், டேக், கெட் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்த வினைகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற ஆஃப், அப், அவுட், இன்டு என்ற குட்டி வாலில்.

எனக்கும் அந்த வால் ஒரு தடவை நன்றாகவே அடித்திருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் லைனைப் பார்க்க வருவதாக இருந்தது. ‘த விசிட் ஹாஸ் பீன் கால்ட் ஆஃப்’ என்று தாள் வந்தது. ‘கால்’ எனக்குத் தெரிந்த வார்த்தை. கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளை ஓவர்டைம் போடவைத்து, தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்து, மூன்று நாள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக் காத்திருந்தோம். நான்காம் நாள் மானேஜர் வந்து, "யாருக்குப்பா இவ்வளவு வரவேற்பு?" என்றார். கால் ஆஃப் என்றால் ரத்து.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். மேலே உள்ளதைப் பார்க்காமல் கீழே குதித்து, ஆயிரம் ரிங்கிட் கட்டி வகுப்பில் சேர வேண்டாம்.

அறிகுறி 1: ஒவ்வொரு வார்த்தையும் தெரியும், வாக்கியம் மட்டும் புரியவில்லை

அக்கா மகனுக்கு வந்த மெயில் இது. ‘வி ரேன் இன்டு எ பிராப்ளம் வித் த நியூ பேட்ச். கேன் யூ லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு மீ பிஃபோர் வி ரன் அவுட் ஆஃப் ஸ்டாக்?’ அவன் கேட்டான், "மாமா, இவங்க ஏன் ஓடிக்கிட்டே இருக்காங்க?"

வாலை விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பேனாவை எடுத்து வினைக்கும், அதை ஒட்டி வரும் குட்டி வார்த்தைக்கும் சேர்த்து ஒரே கோடு போடுங்கள். ‘ரேன் இன்டு’ ஒரு கோடு, எதிர்பாராமல் போய் மாட்டிக்கொண்டோம். ‘லுக் இன்டு’ ஒரு கோடு, என்ன ஏது என்று விசாரி. ‘கெட் பேக் டு’ ஒரு கோடு, பதில் சொல். ‘ரன் அவுட் ஆஃப்’ ஒரு கோடு, தீர்ந்துபோ. இந்த மெயிலில் யாரும் ஓடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

இது ஏதோ வெள்ளைக்காரன் செய்த குசும்பு என்று நினைக்காதீர்கள். ‘கண்டுபிடி’ என்கிறோமே, அதில் காண்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. ‘தள்ளிப்போடு’ என்றால் எதையும் தள்ள வேண்டாம், கீழே போடவும் வேண்டாம். ‘மானேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்பதைப் பிரித்துப் பொருள் சொல்லப் பார்க்கும் சீன நண்பருக்கு என்ன கதி? கடையில் வாங்கி, மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனான் என்றுதான் நினைப்பார். கண்டுபிடி என்பதை நாம் ஒரே வார்த்தையாகத்தான் தலையில் வைத்திருக்கிறோம். ஃபைண்ட் அவுட் என்பதையும் அதே மாதிரி ஒரே பெட்டியில் வையுங்கள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள், கிவ் அப் என்றால் கைவிடு. பெட்டிக்குப் பெட்டி.

கோடு சரியாகப் போட்டும் புரியவில்லை என்றால் அடுத்த காரணம், ஒரே தொடருக்குப் பல வேலை இருப்பது. டேக் ஆஃப் என்பதை விமானம் செய்தால் மேலே கிளம்புகிறது. நான் சட்டையைச் செய்தால் கழற்றுகிறேன். வியாபாரம் செய்தால் சூடுபிடிக்கிறது. வெள்ளிக்கிழமையைச் செய்தால் லீவு போடுகிறேன். பிக் அப் இன்னும் மோசம். ஆளை வண்டியில் ஏற்றுவது, போனை எடுப்பது, விற்பனை தலைதூக்குவது, போகிற போக்கில் ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது எல்லாவற்றுக்கும் அதுதான். யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்ற இரண்டு கேள்வி போதும், பெரும்பாலும் ஒரு பொருள்தான் மிஞ்சும். மிஞ்சவில்லை என்றால் லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மூன்றுக்கும் மாணவர்களுக்கான அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வினையைத் தேடி, அந்தப் பக்கத்தில் வால் வைத்த தொடர்களுக்கென்று தனியாக இருக்கிற பகுதிக்கு இறங்குங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றை வார்த்தையைப் போடுவது, ஃபியூஸ் போனதற்கு பல்பை மாற்றுகிற வேலை.

மூன்றாவது காரணம், அது வால் வைத்த வினையே இல்லை, மரபுத்தொடர். அமெரிக்க மெயில்களில் பாதி பேஸ்பால் மைதானத்திலிருந்து வருகிறது. ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் குத்துமதிப்பான தொகை. ‘டச் பேஸ்’ என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. பிரிட்டிஷ்காரர் என்றால் கிரிக்கெட். ‘ஸ்டிக்கி விக்கெட்’டில் இருக்கிறோம் என்றால் இக்கட்டில் இருக்கிறோம். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அகராதியில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கேட்க வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பள்ளியில் சிம்புலான் பஹாசா, அதாவது மலாய் மரபுத்தொடர்களை, மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்? பந்து உதைக்கத் தெரியாதவனை ‘காக்கி பங்கு’, அதாவது பெஞ்சுக் கால் என்று மலாயில் சொல்வது யோசித்தா புரிந்தது? ஒரே வேலையில் இரண்டு லாபம் என்பதற்கு மலாயில் முக்குளிக்கும்போதே தண்ணீர் குடிக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஒரே கல்லில் இரண்டு பறவையைக் கொல்கிறார்கள், நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். யாருக்கும் வலிக்காதது நம்முடையதுதான் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கடன் தாள், காப்புறுதிக் கடிதம், மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும் படிவம். இவற்றில் ஊகம் கூடாது. ‘டேக் அவுட் எ பாலிசி’ என்பதை, பாலிசியிலிருந்து வெளியேறுவது என்று ஒரு அம்மா நினைத்துவிட்டார். அது பாலிசி எடுப்பது. வெளியேறுவதற்கு ‘ஆப்ட் அவுட்’. இரண்டிலும் ஒரே அவுட், பொருள் நேர் எதிர். அதிகாரியிடம் மலாயிலேயே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் கடமை அது.

அறிகுறி 2: எழுத்தில் பார்த்தால் புரிகிறது, காதில் விழமாட்டேன் என்கிறது

முதலில் ஹெட்செட். சிரிக்காதீர்கள். பத்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, நடுவில் ஒரு ஸ்பீக்கரை வைத்து வெளிநாட்டு மீட்டிங் கேட்டால் அங்கே பிறந்தவனுக்கே பாதிதான் விழும். காதில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் இந்தப் பகுதியை இதோடு விடலாம்.

அடுத்தது ஒட்டு. அவர்கள் ‘பிக் இட் அப்’ என்று மூன்றாகச் சொல்வதில்லை. ‘பிக்கிட்டப்’ என்று ஒன்றாகச் சொல்கிறார்கள். ‘டர்ன் இட் ஆஃப்’ வாயில் வரும்போது ‘டர்னிட்டாஃப்’, அமெரிக்கர் என்றால் ‘டர்னிடாஃப்’. ‘புட் இட் ஆன்’ என்பது ‘புடிடான்’. நீங்கள் மூன்று வார்த்தைக்காகக் காத்திருக்கிறீர்கள், வருவதோ ஒன்று. நாமும் ‘பண்ணிக்கொண்டிருக்கிறாய்’ என்றா பேசுகிறோம்? ‘பண்ணிட்டிருக்க’. அவ்வளவுதான்.

சோதனை: ஏதாவது ஒரு காணொளியில் 20 வினாடி மட்டும் எடுங்கள். எழுத்தை மறைத்துவிட்டு, கேட்டதை அப்படியே எழுதுங்கள். பிறகு எழுத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரிய பெயர்ச்சொற்கள் என்றால் உங்கள் குறை சொற்கையிருப்பு. விட்டுப்போனவை எல்லாம் அப், ஆஃப், இட், அவுட் என்றால் குறை இந்த ஒட்டுதான். அப்போது செய்ய வேண்டியது, தொடரைக் காதில் விழுகிறபடியே தமிழில் ஒரே சொல்லாக எழுதுவது. பஞ்ச் கார்டின் பின்பக்கத்தில் நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். ‘ஷட்டிட்டவுன்’, ‘சார்ட்டிட்டவுட்’, ‘ஃபில்லிட்டின்’. பக்கத்து லைன் நண்பர் அதைப் பார்த்துவிட்டு மந்திரம் எழுதி வைத்திருக்கிறேனா என்று கேட்டார். ஒரு வகையில் மந்திரம்தான். எழுதி வைத்த தொடர் மறுநாள் தானாகக் காதில் விழும்.

இன்னொரு பிடி: ‘டர்ன் இட் ஆஃப்’ போன்றவற்றில் அடி வாலில்தான் விழும், ஆஃப் ஓங்கிக் கேட்கும். ‘லுக் அட் இட்’ என்பதில் அடி லுக் மேல், அட் கரைந்துவிடும். கடைசியில் ஓங்கிக் கேட்ட குட்டி வார்த்தை எது என்று மட்டும் கவனியுங்கள். வினையை ஊகித்துவிடலாம், வாலை ஊகிக்க முடியாது.

வேகமும் உச்சரிப்பும் மூன்றாவது காரணம். அயர்லாந்து இன்ஜினியரும் டெக்சஸ் இன்ஜினியரும் ஒரே பாஷையா பேசுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. இதற்கு மருந்து நாட்கள்தான். அதுவரை, சொன்னதை சாட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: தமிழ்ச் செய்தியைக்கூட நீங்கள் சத்தம் கூட்டி வைத்துக் கேட்பதாக வீட்டில் சொல்கிறார்களா? அப்போது பழுது ஆங்கிலத்தில் இல்லை, காதில். காது மருத்துவரைப் பாருங்கள். இரைச்சல் அதிகமுள்ள தொழிற்சாலையில் வேலை என்றால், 2019-இல் வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி தொழிலாளர்களுக்குச் செவிப் பரிசோதனை ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு. மனிதவளப் பிரிவில் கேளுங்கள். என் வலது காது இப்போது பாதிதான். ஆங்கிலம் போதவில்லை என்று இரண்டு வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அறிகுறி 3: தெரியும், ஆனால் வாயில் வரவில்லை

இது பழுதா என்பதையே முதலில் பாருங்கள். புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு என்பவற்றுக்குப் பதில் போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அவை சரியான சொற்கள். கடிதத்திலும் அறிக்கையிலும் அவைதான் பொருத்தம். பேசும்போது மட்டும்தான் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், கல்யாண வீட்டில் ‘தாங்கள் உணவு உட்கொண்டீர்களா’ என்று கேட்ட மாதிரி.

பேச்சிலும் வர வேண்டும் என்றால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அதிகமாகப் படித்துவிட்டீர்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி ‘பத்து ஃபெரிங்கி’ கடற்கரையில் ஹோட்டல் முகப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கட்டு. வால் வைத்த வினைகள் ஐந்நூறு, அகர வரிசையில். முதல் வாரம் முழுக்க ஏ எழுத்தைப் படித்தாள். விருந்தாளிகள் யாரும் ஏ எழுத்தில் மட்டும் பேசவில்லை.

கட்டை மூடி வைக்கச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க அந்த முகப்பில் என்னென்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்லச் சொன்னேன். ஆள் வந்து பதிகிறார், செக் இன். படிவம் நிரப்புகிறார், ஃபில் இன். பையை விட்டுவிட்டுப் போகிறார், டிராப் ஆஃப். போனில் காத்திருக்கச் சொல்கிறாள், ஹோல்ட் ஆன். இணைப்புக் கொடுக்கிறாள், புட் த்ரூ. துண்டு தீர்ந்துவிட்டது, ரன் அவுட் ஆஃப். ஏசி நின்றுவிட்டது, பிரேக் டவுன். சரி செய்கிறோம், சார்ட் அவுட். எட்டு. அவ்வளவுதான். தாளில் எழுதி மேசையின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள், விருந்தாளிக்குத் தெரியாத பக்கம்.

ஒரு மாதம் கழித்துச் சொன்னாள், "அங்கிள், முன்னாடி ‘ஐ வில் சால்வ் யுவர் பிராப்ளம்’னு சொல்வேன், அவங்க இன்னும் கோபமாத்தான் நிப்பாங்க. இப்ப ‘டோன்ட் வொரி, ஐ வில் சார்ட் இட் அவுட்’னு சொன்னா போய் உட்காந்துடறாங்க." முன்னது புகார்ப் பெட்டிக்குப் பதில் எழுதுகிற மாதிரி. பின்னது, ‘நான் பாத்துக்கறேங்க, நீங்க போங்க’ என்பது மாதிரி.

உங்கள் வேலை வேறு என்றால் உங்கள் எட்டு வேறு. லோரி ஓட்டுபவருக்கு டிராப் ஆஃப், பிக் அப், புல் ஓவர், பிரேக் டவுன். ஷிஃப்ட் மாறுகிற தொழிற்சாலையில் ஹேண்ட் ஓவர், க்ளாக் இன், ஷட் டவுன், ஃபில் இன் ஃபார், அதாவது ஒருவருக்குப் பதிலாக நிற்பது. ‘ஃபில் இன்’ படிவத்துக்கும் வருகிறதே என்று பயப்பட வேண்டாம், பின்னால் ஃபார் வந்தால் ஆளுக்கு.

வாய் திறக்கவே கூச்சம் என்றால் அது வேறு பழுது. தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருஷம் யாராவது சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு முப்பது வருஷம் கழித்தும் தொண்டையில் நிற்கும். மறுபடி பார்க்கப் போகாத ஆளிடம் பேசிப் பழகுங்கள். ஜார்ஜ் டவுனில் சுவர் ஓவியங்களைத் தேடி வழி கேட்கிற சுற்றுலாப் பயணிகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மூன்று மாதம் இப்படிச் செய்தும் வாய் திறக்கவில்லை என்றால் பேச்சுக்கென்றே நடக்கும் சிறு வகுப்பைத் தேடுங்கள். சேருமுன் ஒரே ஒரு கேள்வி: ‘ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை நிமிஷம் பேசுவேன்?’ பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். முதல் நாளே ஐந்நூறு தொடர் பட்டியலைக் கையில் கொடுத்தால் வாசலைப் பார்த்து நடங்கள்.

அறிகுறி 4: தைரியமாகச் சொன்னேன், எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது

யாரிடம் பேசினீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பிக் கடையில், நம் ஊர்க்காரரிடம் என்றால் பழுதே இல்லை. ‘கோஸ்தான் சிகிட்’, கொஞ்சம் பின்னால் எடு, என்றால் பினாங்கில் எந்தக் காடியும் பின்னால் வரும். கோ ஆஸ்டர்ன் என்ற கப்பல்காரர் பேச்சு துறைமுகத்திலிருந்து தெருவுக்கு வந்து நம்முடையதாகிவிட்டது. அதைத் திருத்தப் போகாதீர்கள். வெளிநாட்டுக்காரரிடம் மட்டும் ‘பேக் அப்’ அல்லது ‘ரிவர்ஸ்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

வெளிநாட்டுக்காரரிடம் பேசித்தான் முகம் மாறியது என்றால் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாம் நம் வகுப்பறையிலும் வீட்டிலும் பிறந்தவை.

பாஸ் அப். இதுதான் தலைவலிகளில் தலையாயது. ‘பாஸ் அப் யுவர் புக்ஸ்’ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். நமக்கு அது ஒப்படைப்பது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே வந்து போகிற வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு, பாஸ் அப் என்றால் கைக்கு வந்ததை வேண்டாமென்று விடுவது. ஒரு நைட் ஷிஃப்டில், அறிக்கை எங்கே என்று கேட்ட அயர்லாந்துக்காரரிடம் ‘ஐ ஆல்ரெடி பாஸ்ட் இட் அப்’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ‘ஒய்?’ என்றார். ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறாரே என்று எனக்குக் குழப்பம், அறிக்கையை எழுத மறுத்துவிட்டு இவ்வளவு அமைதியாக நிற்கிறானே என்று அவருக்குக் குழப்பம். கடைசியில் மேசை மேல் இருந்த தாளைக் காட்டினேன். ஹேண்ட் இன் என்று சொல்லுங்கள்.

ஃபில் அப் பெட்ரோலுக்கு. படிவத்துக்கு ஃபில் இன், இல்லை ஃபில் அவுட், இரண்டும் சரி. அங்கே மட்டும் ‘இன்’னும் ‘அவுட்’டும் ஒன்றாகிவிடும், ஏன் என்று கேட்காதீர்கள்.

கெட் டவுன் என்று காரிலிருந்து இறங்குவது நம் ‘இறங்கு’, மலாயில் ‘தூருன்’ இரண்டும் சேர்ந்து வாயில் போட்டது. பஸ், ரயில் என்றால் கெட் ஆஃப். கார், டாக்ஸி என்றால் கெட் அவுட் ஆஃப்.

‘ஓப்பன் த லைட்’ என்பது மலாயின் ‘பூகா லம்பு’, அதாவது விளக்கைத் திற என்பதன் வேலை. ‘ஆன் த ஃபேன்’ என்பதில் வால் மட்டும் இருக்கிறது, வினையே இல்லை. இரண்டுக்கும் டர்ன் ஆன் அல்லது ஸ்விட்ச் ஆன்.

‘ஐ ஃபாலோ யூ’ என்று சொன்னால் நமக்கு உங்களோடு வருகிறேன், மலாயின் ‘ஈக்குட்’. அவர்களுக்கு உங்களைப் பின்தொடர்கிறேன், ஏதோ துப்பறிகிற ஆள் மாதிரி. கம் வித் என்றால் போதும். ‘கீப் த புக்ஸ்’ என்றால் நமக்கு எடுத்து வை, அவர்களுக்கு நீயே வைத்துக்கொள். ஒரு விருந்தாளி அப்படி என் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுபோகப் பார்த்தார். புட் அவே என்று சொல்லியிருக்க வேண்டும்.

‘கோப் அப் வித்’தில் அப் வேண்டாம், கோப் வித் மட்டும். ‘டிஸ்கஸ் அபௌட்’டில் அபௌட் வேண்டாம். இவற்றில் முகம் மாறாது, பல்லில் கீரை ஒட்டிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி 5: வால் சரி, இடம் தப்பு

‘டர்ன் ஆஃப் இட்’ என்று சொல்கிறீர்களா? இட், ஹிம், ஹர், தெம் என்ற சின்னப் பெயர் வந்தால் அது நடுவில் உட்காரும். டர்ன் இட் ஆஃப், பிக் ஹர் அப். ஆனால் லுக் ஆஃப்டர், லுக் இன்டு, ரன் இன்டு போன்றவை பிரியாது. லுக் ஆஃப்டர் ஹர்தான். எது பிரியும், எது பிரியாது? லாங்மேன் அகராதியில் பிரியக்கூடியதற்கு நடுவே இரண்டு பக்கமும் தலை வைத்த ஓர் அம்பு போட்டிருப்பார்கள். அம்பு இல்லையென்றால் பிரிக்காதீர்கள்.

அவசரத்தில் அகராதி ஏது? இட் என்று சொல்லாமல் பொருளின் பெயரையே சொல்லி, வாலுக்குப் பின்னால் வையுங்கள். டர்ன் ஆஃப் த மெஷின், லுக் ஆஃப்டர் த பேபி. இரண்டு வகைக்கும் ஒத்துவரும்.

இரட்டை வால் வைத்தவை, அதாவது புட் அப் வித், ரன் அவுட் ஆஃப், லுக் ஃபார்வர்ட் டு, ஒரே ரயில், பெட்டியைக் கழற்றக் கூடாது. கடைசியில் சொன்னதில் இன்னொரு கண்ணியும் உண்டு. டு வந்துவிட்டதே என்று ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்று எழுதுவார்கள். ஹியரிங் என்று இங் வர வேண்டும். வேலை விண்ணப்பத்தின் கடைசி வரி அது. கடைசி வரி கண்ணில் பட்டே தீரும்.

அறிகுறி 6: நேற்றுப் படித்தது இன்று காணோம்

நோட்டைக் கொண்டுவாருங்கள். கெட் அப், கெட் பை, கெட் ஓவர், கெட் ஆன், கெட் அலாங் என்று ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தால் பழுதைக் கண்டுபிடித்தாயிற்று. ஒரே முகம் உள்ள ஐந்து பிள்ளைகளை ஒரே நாளில் அறிமுகம் செய்துவைத்தால் யார் பெயர் நிற்கும்?

பக்கத்தைக் கிழித்துவிட்டு வால்வாரியாகப் பிரியுங்கள். அப் என்பது பல இடங்களில் நம் ‘விடு’ செய்கிற வேலையைச் செய்கிறது. ஈட் அப், சாப்பிட்டுவிடு. டிரிங்க் அப், குடித்துவிடு. யூஸ் அப், தீர்த்துவிடு. ஃபினிஷ் அப், முடித்துவிடு. ஒன்று பிடிபட்டால் நான்கும் வரும். டவுன் பல இடங்களில் குறைப்பது, ஸ்லோ டவுன், காம் டவுன், கட் டவுன். அவுட் பல இடங்களில் முடிச்சு அவிழ்ந்து விடை வெளியே வருவது, ஃபைண்ட் அவுட், ஒர்க் அவுட், ஃபிகர் அவுட், சார்ட் அவுட். பல இடங்களில் என்றுதான் சொன்னேன், எல்லா இடத்திலும் இல்லை. பர்ன் அப், பர்ன் டவுன் இரண்டிலும் எரிந்துதான் போகிறது.

அப்படியும் நிற்கவில்லையா? உங்கள் வீட்டு உதாரணம் இல்லை, அதுதான் காரணம். ‘ஜான் கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்று எழுதினால் ஜானுக்குத்தான் ஞாபகம் இருக்கும். ‘அப்பா கேவ் அப் தே தாரிக் அண்ட் ஸ்டார்டட் அகேய்ன் ஆன் சண்டே’ என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது.

அறிகுறி 7: பிள்ளையின் கட்டுரையில் மரபுத்தொடர் நிரம்பி வழிகிறது, மதிப்பெண் மட்டும் ஏறவில்லை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழை என்றால் பூனையும் நாயும் கொட்ட வேண்டும், மேகம் என்றால் வெள்ளி விளிம்பு வேண்டும் என்று டியூஷனில் திணித்து அனுப்புகிறார்கள். பாதியை எடுத்துவிட்டு, மீதி அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத்தில் 2021 முதல் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள். எழுத்துக்கு மனப்பாடம் செய்தது கேட்டல் தாளில் கைகொடுக்காது. அறிகுறி 2-இல் உள்ள 20 வினாடிச் சோதனையைப் பிள்ளைக்கும் வையுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஆங்கிலம் மட்டுமின்றி மலாய், தமிழ் மூன்றிலும் எழுத்துகள் இடம் மாறுகின்றன, வரி தாண்டிப் போகிறது என்றால் டியூஷனை மாற்றுவதில் பயனில்லை. பள்ளி ஆசிரியரிடம் பேசி, வாசிப்புக் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். சீக்கிரம் போவது நல்லது.

எதிலும் அடங்காதது

என்னிடம் அனுப்புங்கள், ஆனால் முழு வாக்கியத்தையும் அனுப்புங்கள். கழற்றிய ஒரு ஸ்க்ரூவை மட்டும் கொண்டுவந்து ‘எந்த மெஷின்ல இருந்து வந்தது, சொல்லுங்க’ என்றால் எப்படி? போன வாரம் அக்கா மகன் வெறுமனே ‘புட் அப்’ என்று அனுப்பினான். சுவரில் மாட்டுவதா, விலை ஏற்றுவதா, கூடாரம் போடுவதா, வித் சேர்ந்து பொறுத்துக்கொள்வதா? முழுசாக அனுப்புடா என்றேன். அவனோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்த டப்ளின்காரர் எழுதியது: ‘ஐ லேண்ட் இன் பினாங் திஸ் ஈவ்னிங். குட் யூ புட் மீ அப் ஃபார் டூ நைட்ஸ்?’ பையன் காலையிலேயே ‘ஷுவர், நோ பிராப்ளம்’ என்று பதில் போட்டிருக்கிறான், ஏதோ பட்டியலில் பெயர் ஏற்றச் சொல்கிறார் என்று நினைத்து.

அப்போது மணி மூன்று. அம்மாவிடம் சொல்லி அறையை ஒழித்து வை, இரண்டு ராத்திரி உன் வீட்டில்தான் தங்கப்போகிறார் என்றேன்.